பெர்லின் சுவரில் எங்கள் பெயர்

அமெரிக்காவின் சான் ஹோசேயிலிருந்து இந்தியாவுக்குப் போகும் வழியில், சென்ற கோடையில் நானும் கணவரும் பத்து வயது மகள் ரம்யாவும் பெர்லினில் இறங்கினோம். காலையில் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஓர் ஓவியத்தின் அருகே விரலை நீட்டிய ரம்யாவை, "தொடாத! எவ்ளோ கஷ்டப்பட்டு வரைஞ்சிருப்பாங்க!" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினேன்.

மாலையில், பெர்லின் சுவரில் இடிக்காமல் விட்டிருந்த பகுதியைப் பார்க்கப் போனோம். சுவர் நெடுக ஓவியங்கள். அவற்றின் மேல் யார் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள். நானும் பெட்டிகளில் முகவரி எழுத வைத்திருந்த மார்க்கரை எடுத்து, ஒரு நாரையின் வெள்ளைச் சிறகில் எங்கள் மூவர் பெயரையும் எழுதினேன்.

"இப்ப ஒரு போட்டோ எடுங்க" என்றேன் கணவரிடம்.

"அம்மா, ஒய்? திஸ் இஸ் சம்படீஸ் பெயிண்டிங் டூ!" என்றாள் ரம்யா. அவள் கண் கலங்கியிருந்தது. கணவர் கேமராவை இறக்கிவிட்டார்.

பதறிப்போய் ஈரத் துணியால் தேய்த்தேன். எழுத்து போகவில்லை, சிறகின் வண்ணம்தான் உரிந்து வந்தது. பக்கத்தில் நின்ற ஜெர்மானியப் பெண்மணி, "ப்ளீஸ், ஸ்டாப்" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் முகத்தைப் பார்க்காமலே "சாரி" என்று சொல்லி நகர்ந்தேன். ஹோட்டல் வரும்வரை ரம்யா என் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது எதைப் பார்க்கப் போனாலும் பேனாகூட எடுத்துப் போவதில்லை. இந்தியாவிலிருந்து வரும் உறவினர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டும்போது, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ரம்யாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.