மாமாவுக்கு மறந்துபோன பாஸ்வேர்டு

செஞ்சியில் என் அத்தை டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்தாள். எண்பதுகளின் கடைசியில் அந்த டைப்ரைட்டர்களுக்கு நடுவே ஒரு கம்ப்யூட்டரும் வந்து உட்கார்ந்தது. பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன்.

வகுப்புக்கு வரும் பெண்கள் அதை நோண்டிவிடக் கூடாதென்று, அத்தையின் கணவரான மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பாஸ்வேர்டு போட்டார். என்ன வார்த்தை என்று சொல்லாமலே மறுநாள் காலை பக்கத்து ஊரான வல்லத்திலிருந்த தன் உரக்கடைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அன்று மாலை கல்லூரி ஆசிரியர் ஒருவர் வந்து காத்திருந்தார். கோட்டையின் சுனைகளைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி முழுவதையும் அத்தை கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்தாள். மறுநாள் அவர் அதைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி. கம்ப்யூட்டரோ பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டு அசையாமல் நின்றது.

பக்கத்து மருந்துக்கடையிலிருந்து அத்தை மாமாவுக்குப் போன் போட்டாள். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளியே பிடிப்பாள் என்பதால் எனக்கும் கேட்டது.

"இன்னா வார்த்தை போட்டீங்க? சார் காத்துனு இருக்காரு."

மறுமுனையில் உரம் வாங்க வந்தவர்களின் பேச்சொலி. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, "மறந்துட்டேன்" என்றார்.

"நேத்து போட்டது இன்னிக்கு மறந்துடுமா?"

"மறந்துடுச்சி. கடையில கூட்டமா இருக்குது," என்று வைத்துவிட்டார்.

அத்தை அடுத்து, கம்ப்யூட்டரை விற்ற சென்னைக்காரருக்கு லைன் கேட்டாள். அவர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டாள். தேதி, பாஸ்வேர்டு மாதிரியான சங்கதிகளைக் கம்ப்யூட்டர் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் ஞாபகம் வைத்திருக்கிறது; பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி எழுந்திருக்கும்.

அவள் திருப்புளியோடு வந்ததும் ஆசிரியர் எழுந்துவிட்டார். "வேணாம்மா. என் உழைப்பெல்லாம் உள்ளதான் இருக்குது."

"அது தனி டப்பாவுல இருக்குது சார். நான் கை வைக்கிறது வேற எடம்."

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் டார்ச் லைட்டுக்குப் போடுவது போன்ற செல்கள்; அதுதான் பேட்டரி. அதன் சிவப்பு ஒயர் எந்தப் பக்கம் என்பது மறந்துவிடாமலிருக்க, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பக்கத்துத் தகரத்தில் ஒட்டினாள். பிறகு ஒயரை மெல்ல இழுத்துக் கழற்றினாள். ஒரு காபி குடிக்கும் நேரம் விட்டுவைக்கச் சொல்லியிருந்தார் சென்னைக்காரர். நாங்கள் குடித்தோம். ஆசிரியர் டம்ளரைத் தொடவில்லை.

ஒயரைப் பொட்டுப் பக்கம் பார்த்துச் செருகி, மூடியைப் போட்டு, ஸ்விட்சைத் தட்டினாள். கம்ப்யூட்டர் கீச்சிட்டது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஆனால் தேதி 1980 ஜனவரி ஒன்று என்றது.

"அத்தை, அப்ப நான் பொறக்கவே இல்லியே," என்றேன்.

"இரு, உன்னைப் பொறக்க வைக்கிறேன்."

சிரித்தபடி சரியான தேதியைப் போட்டாள். மூடி திறந்திருந்தபோது டிஸ்க் மேல் பார்த்துக் குறித்திருந்த எண்ணைக் கொண்டு, அது எந்த வகை டிஸ்க் என்பதையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தாள். மறுபடி இயக்கியபோது சுனைகள் எல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகத் திரையில் வந்து நின்றன. பிரிண்டர் கிறீச்சிடத் தொடங்கியதும் ஆசிரியர் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் தாள் கட்டோடு கிளம்பிப்போன பிறகுதான் மாமா வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "இப்ப ஞாபகம் வந்துடுச்சி," என்று அத்தையின் காதில் எதையோ சொன்னார். அத்தை முகம் சிவந்து, கம்ப்யூட்டர் உறையாலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நல்லவேள, மறந்துட்டீங்க," என்றாள்.

என்ன வார்த்தை என்று நான் கேட்டதும், உறையை என் கையில் கொடுத்துக் கம்ப்யூட்டரை மூடச் சொன்னாள். மாமாவின் ஞாபகசக்தி இப்படிக் காரியம் முடிந்த பிறகு வந்து நிற்கிறதே என்று, பாவம், நான்தான் அவருக்காக அன்றிரவு வெகுநேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.