தேவயானி டீச்சரின் சக்கரம்

தேவயானிக்கு மலைப்பள்ளியில் வேலை கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அது தற்காலிக வேலை என்பதை அவள் தோழியான என்னிடம் மட்டும் சொன்னாள். கீழே சந்தவாசலில் வீடு, மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் வாடகை அறை. வெள்ளிக்கிழமை ஜீப்பில் இடம் கிடைத்தால் கீழே இறங்குவாள். சிக்னல் பிடிக்கும் பாறை ஒன்று உண்டு. அதன்மேல் நின்றுதான் என்னோடு போனில் பேசுவாள். பேச்சு பாதியில் அறுந்துவிட்டால், மறுபடி அழைப்பு வரும்வரை இங்கே எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை என்பதே முதல் குறை. திறந்தால் எல்லோரும் சேர்ந்து திறப்பார்கள். ஒருத்தியைத் தனியாக எழுப்பினால் தரையைப் பார்ப்பாள். சரி, இணையத்தில் இலவசமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். முதலில் ஒரு வினாடி வினா. ஆளுக்கொரு போன் வேண்டும் என்றது. வகுப்பில் இருந்தது அவளுடைய போன் மட்டும். அடுத்தது குறுக்கெழுத்து. அது கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்துத் தனித்தனிக் கட்டத்தில் போட்டுக் கொடுத்தது. பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்தார்கள், அவளைப் பார்த்து.

பிறகுதான், போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஓடும் அந்தச் சக்கரம் கிடைத்தது. பெயர்களை எழுதிவிட்டு விரலால் தொட்டால், பள்ளிப் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் வண்ண வண்ணமாகச் சுற்றும். யார் பெயரில் நிற்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்த பெயர் தானாகவே சக்கரத்திலிருந்து நீங்கிவிடும்படி வைத்திருந்தாள், எல்லோருக்கும் முறை வரட்டும் என்று. டீச்சர் கூப்பிட்டால் எழாத பிள்ளைகள் சக்கரம் கூப்பிட்டால் எழுந்தார்கள். கடைசி வரிசை பூஜா அப்படித்தான் ஒருநாள் எழுந்து, கரும்பலகையில் டீச்சர் போட்டதைவிடச் சின்ன வழியில் கணக்கைப் போட்டுக் காட்டினாள். அன்று பாறையிலிருந்து வந்த குரலில் அப்படி ஒரு பூரிப்பு. இவளைக் கீழே விடுதியில் சேர்த்துப் பிளஸ் ஒன் படிக்க வைக்காமல் விடமாட்டேன் என்றாள்.

தேர்வு முடிவு வந்தது. பூஜா நன்றாகவே தேறியிருந்தாள். அவளுடைய அப்பா சின்னதம்பி சான்றிதழ் வாங்க வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. கோயமுத்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்களாம். தேவயானி தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். உதவித்தொகை, விடுதிச் சாப்பாடு, கல்லூரி. அவர் மறுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை காளியம்மாகிட்டப் பூ கேட்கப் போகிறோம், அவள் சொல்கிறபடி ஆகட்டும் என்றார்.

அந்த ஊரில் எதற்கும் பூ கேட்பார்கள். இரண்டு நிறப் பூக்களை இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வது. முதலில் வருவது சாமியின் விளையாட்டு. திரும்ப மடித்துப் போட்டு இரண்டாம் முறை எடுப்பதே வாக்கு. பூ மடிக்கும் பூசாரி சின்னதம்பியின் அண்ணன். மில் ஏஜெண்டை ஊருக்கு அழைத்து வந்தவரும் அவர்தான்.

தேவயானிக்கு அது தெரியும். தெரிந்ததால் அவசரப்பட்டாள். "அங்க எதுக்குங்க? நம்ம சக்கரத்துலயே கேட்டுடலாமே" என்றாள். பூசாரியிடமிருந்து தப்பித்தால் பாதிக்குப் பாதியாவது உண்டு என்பது கணக்கு டீச்சரின் கணக்கு.

சின்னதம்பி மகளைப் பார்த்தார். "இதானா நீ சொன்ன சக்கரம்?" என்று கேட்டுவிட்டு, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டு உள்ளே வந்தார்.

படிப்பு, மில்லு. இரண்டே சொற்கள். சக்கரம் சுற்றிப் படிப்பில் நின்றது. தேவயானிக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னதம்பி அசையவில்லை.

"இன்னொருவாட்டி உடுங்க டீச்சர். அதான வாக்கு."

அந்தச் சந்தோஷத்தில் அவள் விரல் தொட்டுவிட்டது. தொட்ட பிறகுதான் சுவரைப் பார்த்தாள். ஒரே நிறம். முழுச் சக்கரத்திலும் ஒரே சொல்.

அது நான் வைத்த அமைப்பு, முதலில் வந்தது நீங்கிவிடும், மறுபடி இரண்டையும் எழுதுகிறேன் என்று அவள் பதறிப்பதறிச் சொன்னாள்.

"இன்னா டீச்சர், வாக்கு வந்தப்பறம் பூவ மாத்துவீங்களா?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "படிப்பக் காட்டி, அதையே எடுத்தும் உட்டா காளியம்மா. இதுக்கு மேல இன்னா சொல்லணும் அவ?"

பூசாரியிடம் போயிருந்தால்கூட சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அடுத்த வாரமே ஏஜெண்டின் வேனில் மற்ற பெண்களோடு பூஜா போனாள். சின்னதம்பி ஒரு பை நிறையப் புளி கொண்டுவந்து டீச்சர் அறையில் வைத்துவிட்டுப் போனார், சாமி கேட்டுச் சொன்னதற்காக. ஆடு விற்கலாமா என்று சக்கரத்தில் கேட்டுச் சொல்லும்படி ஓர் அம்மா வந்து நின்றாள். வகுப்பில் சக்கரம் சுற்றும் வீடியோ ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஏற்கெனவே பரவியிருந்தது; மற்ற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் கற்றுக்கொடுக்க தேவயானியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகாவிட்டால் வேலை நீடிக்காது. போகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் விடுதியிலிருந்து பூஜா பேசினாளாம். வார்டன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். சாப்பாடு பரவாயில்லை, நைட் ஷிப்டில்தான் தூக்கம் வருகிறது என்றாளாம். தேவயானி தயங்கித் தயங்கி, "உனக்குப் படிக்கணும்னு இருந்துச்சா பூஜா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு நான் அங்கதான டீச்சர் நின்னுனு இருந்தேன்" என்றிருக்கிறாள் பூஜா. பிறகு, அடுத்த பெண் போனுக்குக் காத்திருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.