ஐந்தருவியில் பிள்ளையைத் தொலைத்தது யார்?

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் தங்கை எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மாதிரி மலரில் "அவர்கள்" போட்டு எழுதுவதுதான் முறை என்று அச்சகத்துத் தம்பி சொன்னார். இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளையை "அவர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கை என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் கையெழுத்தை என்னாலேயே வாசிக்க முடியாது. அதனால் நான் சொல்லச் சொல்ல, பவி கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். பவி யாரென்றால், என் தங்கை வீட்டுக்காரருடைய அண்ணன் மகள். இப்போது காலேஜில் கடைசி வருஷம்.

ஐந்தாம் வகுப்பு என்று சொன்னதால் குறைவாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் லாரிக் கிளீனராக ஏறியவன் நான். இன்றைக்குத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி "வேன்காரர் வீடு" என்று சொன்னால் போதும். எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சுப் பேசாமல் என் வாசலில் கொண்டுவந்து இறக்குவார். சீசன் நேரத்தில் குற்றாலம் ரோட்டில் ஓடுகிற நல்ல வேன் எது என்று கேட்டால் என் வேனைத்தான் காட்டுவார்கள். யார் தயவும் இல்லாமல் வந்தேன். இதைச் சொல்ல நான் வெட்கப்படுவதில்லை.

தங்கை பிறந்தது வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில். எனக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அப்பா அடுத்தவர் வயலைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டவர். தங்கைக்கு எட்டு வயதாகும்போது அம்மா தவறிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லை. நான்தான் லாரியில் கயிறு கட்டுகிற மாதிரி இறுக்கிப் பின்னிவிடுவேன். "அண்ணே, கண்ணு மேல போவுது, கொஞ்சம் லூசு விடுங்க" என்பாள். பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தேன். டீச்சர் டிரெய்னிங் போக அவளுக்கு ஆசை. அது மட்டும் என்னால் முடியவில்லை.

தென்காசியில் நல்ல குடும்பத்தில், அரசாங்க வேலையில் இருக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் எல்லாரும் படித்தவர்கள். கல்யாணத்தன்று பந்தியில் ஒருத்தர், "பொண்ணுக்கு அண்ணன் என்ன பண்ணுதாரு?" என்று கேட்க, இன்னொருத்தர், "கிளீனரா இருந்தவராம், இப்ப டிரைவராம்" என்று சொன்னதும், முதலில் கேட்டவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சாம்பார் வாளியோடு நின்ற என் காதில் அது விழுந்தது. பக்கத்தில் நின்ற தங்கை காதிலும் விழுந்தது.

தங்கைக்கு ஒரு மகள், ஒரு மகன். ஆனால் அவள் பின்னால் எப்போது பார்த்தாலும் ஏழெட்டுப் பிள்ளைகள் போகும். சாயங்காலம் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போவாள். கோபுர வாசலில் அடிக்கிற காற்றில் பிள்ளைகளை எதிர்த்து ஓட விட்டு, யார் முதலில் உள்ளே போய்ச் சேருகிறது என்று பந்தயம் வைப்பாள். செங்கோட்டை ரயிலைக் காட்ட ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப் போவாள். எந்தப் பிள்ளையை ஸ்கூலில் புதிதாகச் சேர்த்தாலும், முந்தின நாளே அவள் அழைத்துக்கொண்டு போய்க் குடிதண்ணீர்க் குழாய் எங்கே, பாத்ரூம் எங்கே, மணி எங்கே தொங்குகிறது என்று காட்டிவிடுவாள். மறுநாள் மற்ற பிள்ளைகள் வாசலில் புரண்டு அழும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகும்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. வேனில் எங்கே போனாலும், இறங்கியவுடன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வேனைச் சுற்றிக் காட்டுவாள். "யாராவது காணாமப் போனா அழப்பிடாது, தேடப்பிடாது. நேரா நம்ம வேனுக்கு வந்து படியில உக்காரணும். நம்ம வேன் என்ன கலரு?" என்று கேட்பாள். "நீலம்!" என்று பிள்ளைகள் கத்தும். "கதவுல என்ன இருக்கு?" "மயிலு!" அந்த நீல வேன் நான் முதலில் வாங்கியது.

இனிமேல் சொல்லப் போவதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுத ஒத்துக்கொண்ட காரணம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். நல்ல சாரல். நான் புது வேன் எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளை நிறம், ஏசி, சாய்கிற சீட்டு. தங்கை வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் அதில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்கள், முன் சீட்டில் உட்கார்ந்து, "நல்ல வண்டி எடுத்திருக்கிய" என்று சொன்னார்கள். கல்யாணம் முடிந்து அத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. பவிக்கு அப்போது ஐந்து வயது. அவள் அம்மா பிரசவத்துக்குப் போயிருந்ததால் பவியைத் தங்கை பொறுப்பில் விட்டிருந்தார்கள்.

இறங்கியதும் தங்கை வழக்கம்போல, "அண்ணே, பிள்ளையளுக்குப் புது வேனைக் காட்டிருதேன், ஒரு நிமிசம்" என்றாள்.

"ஏட்டி, தண்ணி கூடினா குளிக்க விடமாட்டான். வா, வந்து காட்டிக்கிடலாம்" என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஐந்தருவியில் ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. மாப்பிள்ளை பையன்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கம் போய்விட்டார். அத்தையும் மற்றப் பெண்களும் முன்னால் நடந்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் அன்றைக்குச் சரியான நெருக்கடி. பவி பயந்து அழுதாள். தங்கை அவளை என்னிடம் கொண்டுவந்தாள். "அண்ணே, இவள வச்சுக்கிடுங்க. தலைய நனைச்சிட்டு ஓடியாந்திருதேன். கண்ண எடுக்கக்கூடாது."

"ஒரு பொடிப்பிள்ளையப் பாத்துக்கிட எனக்குச் சொல்லணுமா? ஏட்டி, நீ போ" என்றேன்.

பவி கையில் என் துண்டைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எண்ணெய் தேய்க்கிறவரிடம் குப்புறப் படுத்தேன். நல்ல கை அவருக்கு. ஒரு வாரம் வேன் வேலையாக அலைந்த உடம்பு. தூங்கிவிட்டேன்.

போலீஸ் விசில் சத்தம் கேட்டு, அவர்தான் என்னை உலுக்கினார். "அண்ணாச்சி, எந்திரிங்க, தண்ணி கூடுது, எல்லாரையும் வெளிய போவச் சொல்லுதாங்க." எழுந்து பார்த்தேன். துண்டு கிடந்தது. பிள்ளை இல்லை. தங்கை வந்து கூட்டிப் போயிருப்பாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, மேலே கடைக்கு வந்து மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றேன். நடந்தது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஈரச்சேலையோடு தங்கை ஓடி வந்தாள். "பவி எங்கண்ணே?"

"உன்கிட்டத்தானே?"

அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். பின்னால் செம்மண் கலரில் தண்ணீர் இரைந்து விழுகிறது. அதற்குள் அத்தை வந்துவிட்டார்கள். பையன்களோடு மாப்பிள்ளையும் வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "பிள்ளைய யார்ட்ட விட்டிய?" என்று கத்தினார்கள்.

உடம்பெல்லாம் எண்ணெயோடு, கையில் பாதி பஜ்ஜியோடு நான் நின்றேன். அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "நான் என்னத்தக் கண்டேன்? பொம்பளையள் பக்கந்தானே போச்சு?"

தங்கை என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு அத்தையிடம் திரும்பி, "எங்கிட்டத்தான் இருந்தா அத்தை. நான்தான் கைய விட்டுட்டேன்" என்றாள்.

எல்லாரும் அருவிப் பக்கம் ஓடினோம். அவள் ஓடவில்லை. அந்த நேரத்திலும் நின்று யோசித்திருக்கிறாள். "அண்ணே, பிள்ளை வேனைத் தேடித்தான் போயிருப்பா. புது வேனை நாம காட்டல. அவ நீல வேனைத் தேடுவா" என்று கத்திக்கொண்டு வண்டிகள் நிற்கிற பக்கம் போனாள். நானும் பின்னால் ஓடினேன். வரிசையாக எத்தனையோ வண்டி. கடைசியில் ஒரு நீல வேன், கேரளா வண்டி. அதன் படியில் பவி உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "கரையண்டா மோளே, அம்ம இப்ப வரும்" என்று, அழாதே என்பதை மலையாளத்தில் சொல்லி, ஒரு அம்மா அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, மாமா தூங்கிட்டாங்க. விசில் அடிச்சாங்க. நான் வேனுக்கு வந்துட்டேன். ஆனா மயிலக் காணும்" என்றாள் பவி.

தங்கை அவளை அள்ளிக்கொண்டு, "மாமா தூங்கினத யார்ட்டயும் சொல்லப்பிடாது, என்ன?" என்றாள். பவி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மறந்தும் போனாள்.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் என் தங்கைக்குப் "பிள்ளையைத் தொலைத்தவள்" என்று பேராகிவிட்டது. அடுத்த வருஷம் சீசனுக்குக் கிளம்பும்போது அத்தை, "எம் பேத்திய நாங்க கூட்டிட்டு வந்துக்கிடுதோம்" என்றார்கள். பவியின் தம்பிக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினபோது, பிள்ளை கை மாறிக் கை மாறித் தங்கையிடம் வந்தது. "நீ போயி விளக்கப் பாரு" என்று அத்தை வாங்கிக்கொண்டார்கள். அவள் போய் விளக்குக்கு எண்ணெய் விட்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? நாலு பேர் நடுவில் உட்கார்ந்து, நீல வேனில் பிள்ளையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை கல்யாண வீட்டில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்! உங்களில் பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள்.

இந்த இடத்தில் பவி அடிக்கிறதை நிறுத்திவிட்டாள். "எனக்கு அருவியெல்லாம் ஞாபகமே இல்ல மாமா. எல்லாப் பிள்ளையும் சித்தி கூடக் கிளம்பும்போது, என்னைய மட்டும் ஆச்சி கையப் பிடிச்சு நிறுத்தினதுதான் ஞாபகம் இருக்கு" என்றாள். அதையும் சேர்த்து அடி என்றேன்.

தங்கையிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். கடைசி மாதங்களில், படுக்கையில் இருக்கும்போது. "ஏட்டி, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"விடுங்கண்ணே" என்றாள். நான் விடவில்லை. "எங்க வீட்டு ஆளுவ முன்னாடி நீங்க அன்னைக்குத்தான் மொத மொறையா நிமிந்து நின்னிய. நான் எப்படி உங்களக் காட்டிக் குடுப்பேன்?" என்று சொல்லிவிட்டு, "காப்பி குடிச்சியளா?" என்று கேட்டாள்.

அப்போதும் நான் வெளியில் சொல்லவில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது: "தங்கமான பிள்ளை. ஐந்தருவில அந்த ஒரு தடவ பிள்ளையத் தொலைச்சதுதான் ஒரு குறை." செத்த பிறகும் அவள் பேரில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டவிட்டது நான்.

போன வாரம் அத்தையிடம் போய் எல்லாவற்றையும், இதை மலரில் எழுதப் போவதையும் சொன்னேன். அவர்களுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். அத்தை என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ கையிலிருந்து பிள்ளைய வாங்கினேனே" என்றார்கள். பிறகு, "நீங்க செஞ்சத மட்டும் எழுதாதிய. நான் செஞ்சதையும் எழுதச் சொல்லுங்க" என்றார்கள். எழுதிவிட்டேன்.

அவள் கடைசி ஆறு மாதம் வலியோடு இருந்தாள். அப்போதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கட்டிலைச் சுற்றி உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லக் கேட்டாள். வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், முகம் சுளிக்காமல் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்த என் டிரைவர்களுக்கும், கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட மாப்பிள்ளைக்கும், அவள் மகளுக்கும் மகனுக்கும், பேர் தெரியாத அந்த நீல வேன் குடும்பத்துக்கும் கை கூப்பி நன்றி சொல்கிறேன்.

சொந்தக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவன். இதைக் கேட்கிறேன். இனிமேல் எந்த விசேஷ வீட்டிலாவது ஐந்தருவிக் கதை வந்தால், இப்படிச் சொல்லுங்கள்: பிள்ளையைத் தொலைத்தது அண்ணன். கண்டுபிடித்தது தங்கை.

இப்படிக்கு,
அண்ணன்