ஒரு மிஷினுக்கு இரண்டு நாற்காலி

பம்மலில் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். படிக்க வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். ஆசிரியைகள் இரண்டே பேர்: நானும், என்னைவிட எட்டு வயது இளையவளான ஒருத்தியும். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒன்றாகத்தான் போவோம். அவள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் வகுப்பையும் நானே எடுப்பேன். என் கணவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது பத்து நாள் சாப்பாடு அவள் வீட்டிலிருந்து வந்தது.

ஒரு மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறி, பத்து மிஷினில் ஐந்து போய்விட்டன. வகுப்பிலோ பத்துப் பேர். வேறு வழியில்லாமல் ஒரு மிஷினுக்கு இரண்டு நாற்காலி போட்டேன்.

முதல் வாரம் சுத்த மோசம். தெரிந்தவள் மவுஸைப் பிடுங்கிக்கொள்வாள். தெரியாதவள் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். அதனால் ஒரு விதி வைத்தேன். ஒருத்தி வாயால் மட்டும் சொல்ல வேண்டும், எதையும் தொடக் கூடாது. மற்றவள் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், அது தப்பு என்று தெரிந்தாலும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும்.

தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஒரு அம்மாவை, அப்போதுதான் பி.காம். முடித்திருந்த பெண்ணோடு உட்கார வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு விரல் பறக்கும், விளக்கத் தெரியாது. "அந்த இதை க்ளிக் பண்ணுங்க" என்பாள்.

"எந்த இதும்மா? ஸ்க்ரீன் பூரா இதுவாதான் கீது," என்பார் அந்த அம்மா.

அந்தப் பெண் மவுஸைப் பிடுங்கும் ஆசையை அடக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். மூன்றாவது வாரம், அந்த அம்மா எக்செல்லில் தன் பட்டறை பில்லைத் தானே போட்டுவிட்டு எழுந்து நின்றார். "டீச்சர், இங்க வந்து பாரேன்! கூட்டலு தானா வந்துகினு கீது!" பக்கத்திலிருந்த பெண் அழுதேவிட்டாள்.

அதன்பிறகு புது மிஷின் வந்தாலும் ஜோடி முறையை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். சனிக்கிழமைகளில் ஆசிரியைகள் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பயிற்சித் தாள்கள் தயாரித்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். பிறகு இடம் மாறுவோம்.

இப்படி இருக்கும்போது மேடவாக்கத்தில் புதுக் கிளை திறக்கப் போவதாக அறக்கட்டளைச் செயலாளர் சொன்னார். அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். நாங்கள் இருவரில் யார் போனாலும் மற்றவளுக்குச் சந்தோஷம்தான் என்று ஆட்டோவில் பேசிக்கொண்டோம். நான் அதை நம்பித்தான் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் என்னை மட்டும் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். "மேடம், இதுக்கு உங்க பதில் என்ன?"

மிஷின் பற்றாக்குறையை மறைக்கவே நான் ஜோடி முறையைக் கொண்டுவந்தேன், மாணவிகளுக்குப் பாதி நேரம்தான் கிடைக்கிறது என்று அதில் இருந்தது. 'இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்ற வரிக்குக் கீழே, பல்லாவரம் சிக்னலில் ஆட்டோ நின்றிருந்த ஒரு நாள் நான் அவளிடம் சொன்னது வார்த்தை மாறாமல் இருந்தது: 'வேற வழி இல்லாமதான் ஜோடி போட்டேன். இது வேலைக்கு ஆகுமான்னு எனக்கே தெரியல.'

சொன்னது நான்தான். முதல் வாரத்தில், பயந்துபோய், அவளிடம் மட்டும் சொன்னது. அதற்குப் பின் நடந்த எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. செயலாளரிடம் விளக்கத் தொடங்கினேன். என் குரல் எனக்கே பொய் சொல்பவள் குரல்போலக் கேட்டது.

வகுப்பு முடிந்து பெண்கள் போனதும் அவளிடம் கேட்டேன். அவள் மானிட்டர்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் எதுவும் எழுதலையேக்கா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா? உங்களுக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு. எனக்கு இது வேணும்க்கா."

கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஷேர் ஆட்டோவில் அவள் பக்கத்தில் இடம் காலியாக இருந்திருக்கும்.

அவளுக்கு மேடவாக்கம் கிடைத்தது. 'ஒருவருக்கு ஒரு கம்ப்யூட்டர்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். பம்மலிலும் ஜோடி முறையை நிறுத்தச் சொன்னார்கள்; ஐந்து பேர் கொண்ட இரண்டு வகுப்பாகப் பிரித்து, நேரத்தைப் பாதியாக்கினார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நான் விலகினேன். இப்போது பெருங்களத்தூரில் ஒரு சர்ச் ஹாலில், மூன்று லேப்டாப், ஆறு பெண்களோடு வகுப்பு எடுக்கிறேன்.

போன மாதம் அவளிடமிருந்து வாட்ஸப் வந்தது. 'அக்கா, எப்படி இருக்கீங்க? இங்க பேட்ச் பெருசாயிடுச்சு, மிஷின் பத்தல. நம்ம ஜோடித் தாள்கள் உங்ககிட்ட இருந்தா அனுப்புங்களேன்.'

'நம்ம' என்ற அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது, நான் படித்தது அவளுக்குத் தெரியும். இதுவரை பதில் போடவில்லை.