பூண்டு வாசம் அடித்த காட்டேரி

யாழினி, கவின், நீங்கள் இரண்டு பேரும் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ரத்தக்காட்டேரித் தொடரைப் பற்றி அப்பாவுக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. சோபாவில் உட்கார்ந்து வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் காட்சிக்கு முன்னால், இது இன்ன நாவல்களிலிருந்து எடுத்த கதை என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். நீங்கள் அதைத் தள்ளி ஓட்டிவிடுகிறீர்கள். எனக்கோ அந்தப் பெயரைப் பார்த்ததும் மாங்காய்ப் பால் வாசம் அடித்தது. பெரியகுளம் மாங்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மத்தியானம் வைக்கோல் மேல் சாய்ந்துகொண்டு அந்த நாவல்களைத்தான் படிப்பேன். கையில் இருக்கும் பால் பக்கமெல்லாம் கறையாகிவிடும். தேனியில் வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடைக்காரர், திருப்பிக் கொடுக்கும்போது மோந்து பார்த்துவிட்டு, "புத்தகத்தக் குடுத்தா ஊறுகா போட்டுக் கொண்டாறியேப்பா" என்பார்.

நான் படித்த பிறகு புத்தகம் என் அக்காவிடம், அதாவது உங்கள் அத்தையிடம் போகும். நான் முடிவு தெரிவதற்காகப் படிப்பேன். அவள் ஒரு வரி விடாமல் மனப்பாடமே செய்துவிடுவாள்.

நாவலில் வரும் காட்டேரி, மேகமலைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் இருக்கிற கிழவன். வாய் நாறும். நகத்தில் மண் இருக்கும். உங்கள் டிவியில் அவனே ரிசார்ட் நடத்துகிறான், சட்டையில் மேல் பட்டனே போடுவதில்லை. நாவலில் அவனைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கிற டீச்சர், டிவியில் கதவைத் திறந்து விட்டுவிட்டு அவன் தோளில் சாய்கிறாள். இது தெரியாமல் நடந்த மாற்றம் என்று என்னால் நம்ப முடியவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நேற்று வந்த பகுதியில் காட்டேரி அந்த டீச்சரை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பூண்டு ரொட்டி வாங்கிக் கொடுத்தான். நான் எழுந்தே நின்றுவிட்டேன். நாவலில் அவள் வாசல் நிலையில் பூண்டைக் கட்டித்தானே அவனை விரட்டுவாள்?

"இவன் மாடர்ன் காட்டேரிப்பா. பூண்டெல்லாம் பழகிருச்சு" என்றான் கவின்.

"உக்காருங்கப்பா, மறைக்குது" என்றாய் நீ, யாழினி.

உட்கார்ந்தேன். ஆனால் அந்த ரொட்டியைப் பார்த்தபோதுதான், இத்தனை வருடம் எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது.

அப்போது நாங்கள் ஜெயமங்கலத்தில் இருந்தோம். அத்தைக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கெங்குவார்பட்டி மாப்பிள்ளை. தோட்டம், துரவு எல்லாம் உண்டு. எங்கள் அப்பாவுக்கு முழுச் சம்மதம். நர்ஸ் படிப்புக்கு மனுப் போட வேண்டும் என்று அத்தை சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரி.

நம் பக்கத்தில், வந்தவர் வெளியே நின்று செருமுவார். உள்ளே இருப்பவர் "வாங்க" என்று சொன்னால்தான் வாசற்படி மிதிப்பார். சொல்லாமல் விட்டால் அந்த வீட்டில் ஆயுசுக்கும் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார். நாவலில் வரும் காட்டேரிக்கும் அதே சட்டம்தான். வீட்டில் இருப்பவர் வாயால் கூப்பிட்டால்தான் உள்ளே வர முடியும்.

நான் மண்டியிலிருந்து சைக்கிளில் திரும்பிய நேரம், விளக்கு வைக்கப்போகும் நேரம். வாசலில் வெள்ளை வேட்டியில் அந்தத் தாய்மாமன் நிற்கிறார். வாய் நிறைய வெற்றிலை. உதடெல்லாம் சிவப்பு. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில் இருந்தார்கள். நிலைக்கு உள்ளே அத்தை நிற்கிறாள்.

"ஆத்தா, அப்பா இல்லையா?"

அத்தை அவரையே பார்த்தாள். "வாங்க" என்ற சொல் வரவில்லை. அவரும் நின்றார். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நான் "வாங்க, வாங்க" என்று பின்னாலேயே ஓடினேன். திரும்பவில்லை.

அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது.

"வாயெல்லாம் ரத்தமா இருந்துச்சும்மா. கூப்பிட்டா உள்ள வந்துருமோன்னு பயந்துட்டேன்" என்றாள் அத்தை.

"வெத்தல போட்ட வாயி செவக்காம வெள்ளையாவாடி இருக்கும்?" என்றாள் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, இவளுக்குக் காட்டேரிப் புத்தகம் கொண்டாந்து குடுத்தது யாரு?"

கெங்குவார்பட்டியிலிருந்து ஆள் வந்தது. "வீடு தேடி வந்த மனுசர வாங்கன்னு சொல்லத் தெரியாத பொண்ணு எங்களுக்கு வேணாம்னு சொல்லிவிட்டாக." அவ்வளவுதான். கதைப் புத்தகம் படித்துக் கெட்டுப்போன மண்டு என்று ஊரே அத்தையைக் கேலி செய்தது. வேறு சம்பந்தம் எதுவும் வரவில்லை. அடுத்த வருடம், வேறு வழியில்லாமல், அப்பா அவளை மதுரைக்கு நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்.

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். அந்தத் தாய்மாமனுக்கு வடுகபட்டிச் சந்தையில் பூண்டு யாவாரம். அவர் தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் பூண்டு வாசம் வந்துவிடும். அன்றைக்கும் அடித்தது. அவர் என்னைத் தாண்டிப் போனபோது எனக்கே நெடி ஏறியது. நாவலை வரி விடாமல் படித்தவளுக்குக் காட்டேரி பூண்டுக்குப் பக்கத்தில் வராது என்பது தெரியாதா? தோட்டத்தில் பாம்பைக் கம்பால் தூக்கி எறிகிறவள் வெற்றிலை வாயைப் பார்த்தா பயந்திருப்பாள்? வேண்டாம் என்று சொல்ல அன்றைக்கு அவளுக்கு வாய் கிடையாது. "வாங்க" என்று சொல்லாமல் இருக்க மட்டும் இருந்தது.

அத்தைக்குப் போன் போட்டேன். "ஏக்கா, பூண்டு மூடைக்கு நடுவுல பொழைக்கிறவரு எப்படிக்கா காட்டேரியாவாரு?"

போனில் புசுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு, "பிரஷர் மாத்திர போட்டியாடா?" என்றாள். "போட்டுட்டுப் பேசாமப் படு."

சிரித்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வாசலில் நிற்பது என்பதே இப்போது போய்விட்டது. அந்தச் செருமல் இல்லை, கழற்றாத செருப்போடு ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது இல்லை. கல்யாணத் தரகர் நேராகப் போனுக்குள் வந்துவிடுகிறார். "பாப்பா போட்டோ ஒண்ணு அனுப்பிவிடுங்கண்ணே, சும்மா பாக்கத்தான்." சும்மா என்ற அந்த வார்த்தை மேல் எனக்குச் சந்தேகம். யாழினி, உனக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை. ஒரு தடவை போன போட்டோ எந்த எந்த வீட்டுக்குள் நுழையும் என்று யாருக்குத் தெரியும்? கதவைச் சாத்துவதற்கு உனக்கு ஒரு வாசலாவது வேண்டாமா?

இன்று காலை நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போன பிறகு போனை எடுத்தேன். உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பச்சைச் சேலையில் நீ நிற்கிற படம், தரகருக்கு அனுப்புவதற்காக நான் எடுத்துவைத்தது. அதைத் தட்டி அழித்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி, "எம்மகளக் கேட்டுத்தான் எதுவும்" என்று அவருக்கு அடித்து அனுப்பினேன்.