சாலை வளைந்த இடம்

தீவின் ஒரே சாலையைப் போட, ரோடு ரோலரோடு படகில் வந்திறங்கினார் அதன் டிரைவர். வரைபடத்தில் நேர்கோடாக இருந்த சாலை, ஒரு தச்சர் வீட்டு வாசலுக்கு மட்டும் வளைந்து போனது. வேலை முடிந்ததும் ரோலர் ஊர் திரும்பியது. டிரைவர் தச்சருக்கு மருமகனாகித் தங்கிவிட்டார்.

நாற்பது வருடம் கழித்து, சாலையின் வரலாறு எழுத ஓர் அதிகாரி வந்தார்.

"இங்க மட்டும் ரோடு ஏங்க வளையுது?"

கிழவராகிவிட்ட டிரைவர் தொண்டையைச் செருமினார். "குறுக்க ஒரு பாறை இருந்துச்சுங்க."

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "யாரைப் பாறைங்கறீங்க? தம்பி, உள்ளத எழுதிக்கோங்க. மூணு தடவை நடந்து வந்து பொண்ணு கேட்டாரு, எங்கப்பா மாட்டேன்னுட்டாரு. நாலாவது தடவை ரோலர்லயே வந்தாரு. அது வாசல்ல வந்து நின்னதும் எங்கப்பா உடனே சரின்னுட்டாரு."