குவைத் சண்டையும் என் கருகமணியும்

பாகிஸ்தானோடு சண்டை நடந்த வருஷம் பிறந்தவள் நான். உம்மா அப்படித்தான் சொல்வாள். தேதி தெரியாது. அஞ்சாவது வரை படித்தேன். பிரதமராக இருந்த அம்மாவைச் சுட்ட அன்று ஐந்தருவியில் வாப்பாவின் பஜ்ஜிக் கடையை அடைத்தோம். போட்டு வைத்ததை நாங்களே தின்றோம். எனக்கு அது அவ்வளவுதான்.

குவைத் சண்டை அப்படி இல்லை. அது என் வீட்டுக்குள் வந்தது.

கல்யாணமான கையோடு என் மாப்பிள்ளை குவைத் போனார். ஒரு வீட்டில் சமையல் வேலை. கொஞ்ச நாளில் சண்டை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இவர் வரவில்லை. கடுதாசியும் இல்லை. அப்புறம் குண்டு போட்டார்கள். இவர் இருந்த வீட்டிலும் விழுந்ததாகத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னானாம். சொன்னவன் யார் என்று கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தாள்.

"ஏட்டி, அவன் மவுத்தாயிட்டான். கருகமணியக் கழத்திட்டு இத்தா இரு."

கருகமணிதான் எங்களுக்குத் தாலி. இத்தா என்றால் புருஷன் செத்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பது.

"மய்யித்தப் பாத்தது யாரு மாமி?" செத்த உடம்பைக் கேட்டேன்.

"ஊரே சொல்லுதுட்டி."

"ஊரு குவைத்துக்குப் போச்சா?"

என் கழுத்துக்குக் கை நீட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டேன். உம்மா அழுதாள்.

மறுநாள் கருகமணி வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வாப்பாவின் கடைக்குப் போனேன். சாரல் காலம். அருவியில் நல்ல கூட்டம். எங்கள் தெரு ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய் வேறு கடையில் தின்றார்கள். ஒருத்தி நின்று சொன்னாள்.

"புருசன் மண்ணுக்குள்ள. இவ எண்ணெச் சட்டி முன்னால."

"மண்ணு தள்ளும்போது நீங்க இருந்தியளா மதினி? இல்லன்னா பஜ்ஜி வாங்கிட்டுப் போங்க."

அந்தச் சாரல் முடியும் முன்பே அவர் வந்தார். எலும்பும் தோலுமாக. முதலாளியின் கிழவித் தாயைத் தனியே விட்டு வர மனசில்லையாம். நேரே கடைக்குத்தான் வந்தார்.

"இத்தா இருக்கச் சொன்னாவளாமே. ஏன் இருக்கல?"

"நான் மூலையில உக்காந்துட்டா, வாற ஆளுக்கு யாரு கதவத் தொறக்க?"

சிரித்தார். சட்டியில் கிடந்ததை எல்லாம் தின்றார். இத்தா இருக்கச் சொன்ன மாமிக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் அவர் எங்கும் போகவில்லை. கடையில் என்னோடு நின்றார். ஒரு மகன் பிறந்து வளர்ந்து ஆளானான். தென்காசி தனி மாவட்டமானது. மறு வருஷம் கொரோனா. ஊரடங்கில் நெஞ்சுவலி. போய்விட்டார். இந்த முறை மய்யித்தை நான் பார்த்தேன். முகத்தைத் தொட்டேன். கருகமணியை நானே கழற்றினேன். யாரும் கை நீட்டவில்லை.

இத்தா இருந்தேன். நாடே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது.

இத்தா முடிந்த மறுநாள் சாவியை எடுத்தேன். மகன் மறித்தான்.

"எங்க உம்மா? அருவிக்கே தடை. ஆளே வரமாட்டான்."

"வாறப்ப கடை தொறந்து கெடக்கணும்லா."

பூட்டில் துரு ஏறியிருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தேன்.